டிஜிசிஏ எதைப் பார்க்கிறது, எங்கே தடுமாறுகிறது

2018 அக்டோபர் 12 அதிகாலை. திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முடியும் இடத்தில் போதிய உயரத்துக்கு எழும்பவில்லை. அங்கிருந்த ஆன்டெனாவிலும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலும் உரசிக்கொண்டுதான் மேலே போனது. உள்ளே 136 பேர். அடிவயிறு கிழிந்த நிலையிலேயே அது சில மணி நேரம் பறந்தது. காக்பிட்டில் எந்தக் கருவியும் தவறு காட்டவில்லை என்பதால் பைலட்டுகள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். பிறகுதான் மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. டிஜிசிஏவுக்குத் தகவல் போனது, விசாரணை தொடங்கியது, இரண்டு பைலட்டுகளும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.

விமானம் சம்பந்தப்பட்ட செய்திகளில் டிஜிசிஏ என்ற பெயரைப் பெரும்பாலும் இப்படித்தான் சந்திக்கிறோம். ஏதாவது நடந்த பிறகு விசாரணை, நோட்டீஸ், அபராதம். ஆனால் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்ற அந்த அமைப்பின் முக்கியமான வேலை, எதுவுமே நடக்காத நாட்களில் நடப்பது. அந்த வேலை என்ன, அது ஏன் சில சமயம் தவறிப்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த நோட்டீஸ் செய்திகளுக்கே அர்த்தம் புரியும்.

ஒவ்வொரு விமானமும் கிளம்பும் முன் அரசு அதிகாரி ஒருவர் வந்து பார்த்துச் சரி சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தியாவில் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே தினமும் சுமார் 3,000 பறக்கின்றன. உலகத்தின் எந்த அரசும் அத்தனைக்கும் ஆள் வைக்க முடியாது. விமானத்தைச் சோதிப்பது, பைலட்டுக்குப் பயிற்சி தருவது, தவறைக் கண்டுபிடிப்பது எல்லாமே விமான நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனம் தன்னைத் தானே ஒழுங்காகக் கண்காணித்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் அரசின் பொறுப்பு. இந்த ஏற்பாடு முழுக்க நிறுவனம் உண்மை பேசும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை சரிதானா என்று அடிக்கடி சோதித்துப் பார்க்கத் திறமையான ஆட்கள் வேண்டும்.

சட்ட அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1944 டிசம்பரில் சிகாகோவில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதிலிருந்து பிறந்தது மான்ட்ரியலில் இயங்கும் ஐசிஏஓ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. இன்று 193 நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஐசிஏஓ தரங்களை வகுக்கும். யாருக்கும் அபராதம் போடவோ, விமானத்தை நிறுத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை. அந்தத் தரங்களைத் தன் சட்டமாக்கி நடைமுறைப்படுத்துவது அந்தந்த நாட்டின் கடமை. இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் நெடுங்காலம் இருந்தது. அதன் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அன்றாட விதிகள் எல்லாம் டிஜிசிஏ வெளியிடும் சிஏஆர் என்னும் ஆவணங்களில் இருக்கின்றன.

புதிதாக விமான நிறுவனம் தொடங்குபவர் முதலில் ஏஓசி என்ற, விமானங்களை இயக்குவதற்கான சான்றிதழை வாங்க வேண்டும். விமானமும் பணமும் இருந்தால் மட்டும் அது கிடைக்காது. எந்தச் சூழ்நிலையில் யார் என்ன செய்வார் என்று எழுதிய கையேடுகள், பயிற்சித் திட்டம், பராமரிப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் சமர்ப்பிக்க வேண்டும். விமான இயக்கம், பாதுகாப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி, அந்த நபர்களுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசியில் டிக்கெட் வாங்கிய பயணிகள் யாரும் இல்லாமல், டிஜிசிஏ அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு சோதனைப் பறத்தல்கள் நடத்திக் காட்ட வேண்டும். நடுவானில் இப்படி ஒரு கோளாறு வந்தால் என்ன செய்வீர்கள், இறங்க வேண்டிய விமான நிலையம் மூடிவிட்டால் எங்கே போவீர்கள் என்று அதிகாரிகள் கேட்பார்கள். காகிதத்தில் இருப்பது கையிலும் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டம் இது.

சான்றிதழ் கொடுத்த பிறகுதான் கடினமான பகுதி. வருடாந்தரக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று போடப்படும். அதன்படி நிறுவனத்தின் அலுவலகத்தில் ஆடிட், விமானம் நிற்கும் இடத்தில் திடீர்ச் சோதனை, காக்பிட்டில் பின்னால் உள்ள கூடுதல் இருக்கையில் அமர்ந்து பைலட்டுகள் வேலை செய்வதைக் கவனிப்பது என்று பல வகைகள். நள்ளிரவில் வந்து பார்ப்பதும் உண்டு. கண்டுபிடித்த குறைகளை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிப்பார்கள். உடனடியாகப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியது முதல் நிலை. அதை உடனே சரிசெய்தாக வேண்டும். மற்றவற்றுக்குச் சற்று அவகாசம் உண்டு.

விமானத்தினுள் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் எதைத் தேடுவார் என்பதற்கு நல்ல உதாரணம் எம்இஎல். ஒரு விமானத்தில் எது எது வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், என்ன நிபந்தனையில், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. பழுதான பொருளோடு விமானம் பறக்கிறது என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் முக்கியமான கருவிகள் எல்லாமே ஒன்றுக்கு மேல் வைக்கப்பட்டிருப்பதால் இது திட்டமிட்டு அனுமதிக்கப்பட்ட ஒன்று. பழுதின் வகையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு உண்டு. கெடு முடியும் நாளில் பழுதான பாகத்தை வேறொரு விமானத்தின் பாகத்தோடு மாற்றிப் போட்டுவிட்டு, புதிதாகக் கெடு எண்ண ஆரம்பிக்கிறார்களா? ஒரே பழுது திரும்பத் திரும்ப எழுதப்படுகிறதா? உதிரி பாகம் வாங்கக் காசில்லாத நிறுவனத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தப் பதிவுகளில்தான் தெரியும். அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்தப் பக்கங்களைப் புரட்டியே நிறுவனத்தின் நிலையைச் சொல்லிவிடுவார்.

பைலட்டுகளை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் அவர்கள் திறமையைச் சோதிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது. பணிக்கு வரும்போது மூச்சுச் சோதனையில் முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம், இரண்டாம் முறை மூன்று வருடம் உரிமம் நிறுத்தம். மூன்றாம் முறை உரிமமே ரத்து. இந்த விஷயத்தில் பல நாடுகளைவிட இந்தியா கண்டிப்பு. ஆனால் சிமுலேட்டர் சோதனையைப் பெரும்பாலும் நடத்துவது டிஜிசிஏ அதிகாரி இல்லை. டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற, அதே நிறுவனத்தின் மூத்த கேப்டன்கள். ஆள் பற்றாக்குறையால் உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. ஆனாலும், சக ஊழியரைத் தோல்வி என்று எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்தால், இந்த ஏற்பாட்டை யாராவது மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது ஏன் என்று புரியும்.

அப்புறம், விமானமே எழுதிவைக்கும் சாட்சி இருக்கிறது. ஒவ்வொரு பறத்தலின் வேகம், உயரம், இறங்கும்போது தரையில் மோதிய விசை உட்பட நூற்றுக்கணக்கான அளவுகள் பதிவாகின்றன. நிறுவனம் அந்தத் தரவை எடுத்து அலச வேண்டும் என்பது விதி. இதில் மிக முக்கியமாகத் தேடப்படுவது, நிலைபெறாத இறக்கம். தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்கு வரும்போதே விமானம் சரியான வேகத்தில், சரியான கோணத்தில், சக்கரம் இறக்கித் தயாராக இருக்க வேண்டும். மேகமில்லாமல் தெளிவாகத் தெரியும் நாளில் 500 அடி. அப்படி இல்லையென்றால் யோசிக்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வர வேண்டும். பைலட்டுகள் இதை கோ-அரவுண்ட் என்பார்கள். கோ-அரவுண்ட் போனவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மங்களூரு சாட்சி. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கேப்டன் தூங்கியிருந்தார் என்பது காக்பிட் ஒலிப்பதிவில் தெரிந்தது. விழித்து இறக்கத் தொடங்கியபோது விமானம் தேவையானதைவிட மிக உயரத்தில் இருந்தது. துணை பைலட் மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை.

பத்து வருடம் கழித்து 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே ரக விமானம், அதே போல மேட்டின் மேல் அமைந்த ஓடுபாதை. மழையில் வந்த விமானம் ஓடுபாதையின் பாதிவாக்கில் போய்த் தரை தொட்டது. இரண்டு பைலட்டுகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். நிலைபெறாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததும், கோ-அரவுண்ட் போகச் சொன்னதைக் கேட்காததும் காரணம் என்றது விசாரணை அறிக்கை. தனி மனிதரின் தவறோடு அது நிறுத்திக்கொள்ளவில்லை. அமைப்பின் தோல்விகளுக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் புறக்கணிக்க முடியாது என்றும் சொன்னது. இந்த வரிதான் என்னை மிகவும் உறுத்துகிறது. மங்களூருவில் கற்றதாகச் சொன்ன பாடம் கோழிக்கோட்டில் காக்பிட்டுக்குள் போய்ச் சேரவில்லை. விதி எழுதப்பட்டதா என்பது மட்டும் கேள்வியில்லை. எழுதிய விதி நள்ளிரவில், மழையில், களைத்துப்போன மனிதர் ஒருவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும்.

களைப்பு என்று வரும்போது ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை விதிகளுக்கு வர வேண்டும். பைலட் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எவ்வளவு ஓய்வு எடுக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்டிடிஎல் விதிகளை டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்தியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என நீண்டது. இரவுப் பணியில் ஆறு முறை இறங்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஜூனிலேயே நடைமுறைக்கு வர வேண்டியது, நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போனது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2025 ஜூலை 1 முதல் ஒரு பகுதி, நவம்பர் 1 முதல் மீதி என்று முடிவானது.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். புதிய விதிப்படி ரோஸ்டர் போடப் போதுமான பைலட்டுகள் இல்லை. அன்றே டிஜிசிஏ வார ஓய்வுக்குப் பதில் விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியைத் திரும்பப் பெற்றது. இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. அதன் பின் நிறுவனத்தின் விமானங்களில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது அரசு. தன்னிடம் ஒப்பந்தத்தில் இருந்த நான்கு விமான இயக்க இன்ஸ்பெக்டர்களை டிஜிசிஏ நீக்கியது.

நிறுவனம் திட்டமிடவில்லை என்பது உண்மை. ஆனால் குளிர்கால அட்டவணைக்கு ஒப்புதல் கொடுத்ததும் டிஜிசிஏதான், ஓய்வு விதிகளை எழுதியதும் டிஜிசிஏதான். இத்தனை விமானங்களை இந்த விதிப்படி ஓட்ட உங்களிடம் எத்தனை பைலட்டுகள் இருக்கிறார்கள் என்று ஒரு மேசையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அக்டோபரிலேயே விடை தெரிந்திருக்கும். அந்தக் கேள்வி உரிய நேரத்தில், உரிய அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. கடைசியில், விதியை மீறிய நிலையில் இருந்த நிறுவனத்துக்காகவே விதி தளர்ந்தது. விமானப் பாதுகாப்பில் இது கவலைக்குரிய முன்மாதிரி.

இதை 2022இல் நடந்ததோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்பைஸ்ஜெட் விமானங்களில் 18 நாளில் 8 சம்பவங்கள் நடந்தன. ஜூலையில் நோட்டீஸ் கொடுத்த டிஜிசிஏ, அந்த மாதக் கடைசியில் எட்டு வாரங்களுக்குப் பாதி விமானங்களை மட்டுமே இயக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. துணிவான, சரியான முடிவு. அதே துணிவை, உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் சுமக்கும் நிறுவனத்திடம் காட்ட முடியுமா? அதன் பாதி விமானங்களை நிறுத்தினால் நாடே ஸ்தம்பித்துவிடும். சந்தை ஓரிரு நிறுவனங்களின் கையில் போனால் டிக்கெட் விலை ஏறும் என்று பேசுகிறோம். அது கண்காணிப்பவரின் கையையும் கட்டிவிடுகிறது என்பதை அதிகம் பேசுவதில்லை.

கண்காணிப்பவருக்கும் கண்காணிக்கப்படுபவருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் இந்தியாவுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் விமான ஆணையமான எஃப்ஏஏ இதை இரண்டு முறை வலியோடு கற்றது. 2008இல், கட்டாயமான விரிசல் சோதனை செய்யாமலே 46 விமானங்களைப் பறக்கவிட்டதற்காக சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு 1.02 கோடி டாலர் அபராதம் அறிவித்தது. விஷயத்தை வெளியே கொண்டுவந்தது எஃப்ஏஏவின் இன்ஸ்பெக்டர்களே. தங்கள் மேலதிகாரி நிறுவனத்தோடு மிக நெருக்கமாக இருந்து இதைக் கண்டும் காணாமல் விட்டார் என்று அவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார்கள். அடுத்தது போயிங் 737 மேக்ஸ். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள். விமானத்தின் வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலையில் பெரும்பகுதியை எஃப்ஏஏ போயிங்கின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது.

கட்டாயம், ஆலோசனை என்ற வித்தியாசமும் இங்கே வருகிறது. ஓர் ஆணையம் கண்டுபிடிக்கும் எல்லாக் குறைகளும் உத்தரவாக வருவதில்லை. ஆபத்து என்று உறுதியானால் கட்டாய உத்தரவு. அவ்வளவு இல்லை என்று தோன்றினால் ஆலோசனைக் குறிப்பு மட்டும். எரிபொருள் சுவிட்சுகளின் பூட்டு அமைப்பு சில விமானங்களில் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம் என்று எஃப்ஏஏ 2018 டிசம்பரில் ஒரு குறிப்பு அனுப்பியது. ஆலோசனைதான் என்பதால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் போயிங் 787 விழுந்து 260 பேர் இறந்த பிறகு, வெளியான முதல்கட்ட அறிக்கை இதைக் குறிப்பிட்டது. கிளம்பிய சில நொடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து நிறுத்தும் நிலைக்கு மாறின என்று சொன்ன அந்த அறிக்கை, பூட்டுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வெளியான இரண்டே நாளில், ஜூலை 14 அன்று, அந்தச் சோதனையைச் செய்து முடிக்க டிஜிசிஏ ஒரு வாரக் கெடு விதித்தது. ஆறரை வருடம் ஆலோசனையாக இருந்தது ஒரே நாளில் கட்டாயமானது.

சரி, டிஜிசிஏவை யார் சோதிக்கிறார்கள்? ஐசிஏஓ 1999 முதல் நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகளை ஆடிட் செய்கிறது. 2018இல் சுமார் 70 சதவீதமாக இருந்த இந்தியாவின் மதிப்பெண் 2022இல் 85ஐத் தாண்டியது. எஃப்ஏஏவும் அமெரிக்காவுக்கு விமானம் அனுப்பும் நாடுகளைத் தனியாக மதிப்பிடும். 2014 ஜனவரி 31 அன்று அது இந்தியாவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவைகள் தொடங்க முடியாமல் போனது. எஃப்ஏஏ சொன்ன குறைகளில் முக்கியமானது, போதிய முழுநேர இன்ஸ்பெக்டர்கள் இல்லை என்பது. தரம் இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் 75 பேரைச் சேர்க்க மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்திருந்தது. 2015 ஏப்ரலில் பழைய இடம் திரும்பக் கிடைத்தது.

பத்து வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறோம். டிஜிசிஏவின் தொழில்நுட்பப் பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்று 2025இல் நாடாளுமன்றக் குழு சொன்னது. காரணம் புரியாத புதிர் இல்லை. ஒரு விமானத்தை ஓட்டத் தெரிந்தவர்தான் அதை ஓட்டுபவரைச் சோதிக்க முடியும். அப்படிப்பட்ட கேப்டனுக்கு விமான நிறுவனம் தரும் சம்பளத்தை அரசுச் சம்பள விகிதத்தில் தர முடியாது. அதனால் ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் அவர் சோதித்த அதே துறை.

2020இல் சட்டத்தைத் திருத்தி டிஜிசிஏவுக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கொடுத்தார்கள். அபராத உச்சவரம்பை 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் ஆளெடுப்பும் பட்ஜெட்டும் இன்னும் அமைச்சகத்தை நம்பித்தான் இருக்கின்றன. விமானத் துறையை வளர்க்கும் பொறுப்பும் அதே அமைச்சகத்திடம். விபத்துகளை விசாரிக்க 2012இல் தனியாக அமைத்த ஏஏஐபியும் அதே கூரையின் கீழ்தான். பிரிட்டனின் விமான ஆணையம் துறையிடமிருந்து வசூலிக்கும் கட்டணத்தில் இயங்குகிறது. ஆள் எடுக்கவும் சம்பளம் நிர்ணயிக்கவும் அதற்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. இந்தியாவிலும் அப்படிப்பட்ட தன்னாட்சி ஆணையம் அமைக்க 2013 ஆகஸ்டில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. அடுத்த ஆண்டு மக்களவையின் காலம் முடிந்தபோது அது காலாவதியானது. அதை மறுபடி எடுத்து வருவதற்கு, 2025இல் ஆறு மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைவிட வலுவான காரணம் எதுவும் தேவையில்லை.